ஒரே கரு, ஏழு வழிகள்: உங்கள் கதையை எந்த வகையில் எழுதுவது?

கதை எழுதத் தொடங்கியிருப்பவர்களிடம், எதை எழுதுவது என்ற குழப்பத்தைவிட, கையில் இருக்கும் கருவை எப்படிப்பட்ட கதையாக எழுதுவது என்ற குழப்பமே அதிகம் காணப்படுகிறது. கரு கிடைத்துவிட்டது, கதைமாந்தர் சிலர் மனத்தில் நடமாடவும் தொடங்கிவிட்டார்கள், ஆனாலும் அது துப்பறியும் கதையா, பேய்க்கதையா, குடும்பக் கதையா என்பது முடிவாகாததால் முதல் பத்தி எழுதப்படுவதும் அழிக்கப்படுவதுமாகவே நாட்கள் கழிகின்றன. இந்த இடத்தில் பலர் தாம் விரும்பி வாசிக்கும் வகையையே எழுதுவதற்கும் தேர்ந்துகொள்கிறார்கள். விருப்பம் வேண்டியதுதான். ஆனால் ஒரு வகையை வாசிக்கும்போது கிடைக்கும் இன்பத்தை வைத்து, அதை எழுதுவதற்கு ஆகும் உழைப்பைக் கணிக்க முடியாது.

நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது நிகழ்ச்சிகளின் வரிசை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசியும் இறந்தாள் என்றால் அதில் காரணம் வந்து சேர்கிறது. அரசி இறந்தாள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அரசனின் மறைவால் வந்த துயரமே காரணம் என்று பின்னர் தெரியவந்தது என்றால் அதே காரணம் மர்மமாகிவிடுகிறது. மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். எதை முதலில் சொல்கிறோம், எதைப் பிடித்துவைக்கிறோம் என்பதே மாறுகிறது. கதைவகையைத் தேர்வது என்றால், வாசகர் எந்தக் கேள்வியை மனத்தில் ஏந்திக்கொண்டு பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று முடிவுசெய்வதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒப்பீடு தெளிவாக இருப்பதற்காக ஒரே கருவை எல்லா வகைகளிலும் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணின் தந்தை இறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அவருடைய கைபேசியை அவள் இன்னும் அணைத்துவைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரவு ஒன்பது மணிக்கு, பெயர் சேமிக்கப்படாத ஓர் எண்ணிலிருந்து அதற்கு அழைப்பு வருகிறது. எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, வாசகரின் கேள்வி. இரண்டாவது, உழைப்பு விழும் இடம்: சில வகைகளில் எழுதுவதற்கு முன்பே பெரும்பகுதி வேலை முடிந்திருக்க வேண்டும், சிலவற்றில் ஒவ்வொரு வாக்கியத்திலும் வேலை இருக்கும், சிலவற்றில் திருத்தும்போதுதான் உண்மையான சுமை தெரியும். மூன்றாவது, முடிவை அமைப்பதில் எழுதுபவருக்கு இருக்கும் சுதந்திரம். நான்காவது, நீளம். அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் நெபுலா விருது, 7,500 சொற்களுக்கு உட்பட்டதைச் சிறுகதை என்றும், 40,000 சொற்களை எட்டியதை நாவல் என்றும் பிரிக்கிறது. இது ஆங்கிலக் கணக்கு. வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதே கதை இன்னும் குறைந்த எண்ணிக்கையில் முடிந்துவிடும்.

ஐந்தாவது மறைசெலவு. தொடங்கும்போது கண்ணில் படாமல் இருந்து, பாதி எழுதிய பிறகு குறுக்கே வந்து நிற்பது இதுதான். கைவிடப்பட்ட கைப்பிரதிகளில் பெரும்பாலானவை நின்றுபோவதற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம் என்பதால், கீழே இதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

| கதைவகை | வாசகரின் கேள்வி | உழைப்பு விழும் இடம் | முடிவில் சுதந்திரம் |
|---|---|---|---|
| யதார்த்தக் கதை | இவர்கள் எப்படிப்பட்டவர்கள்? | ஒவ்வொரு வாக்கியத்திலும் | மிக அதிகம் |
| துப்பறியும் கதை | யார், ஏன், எப்படி? | எழுதுமுன், திருத்தும்போது | மிகக் குறைவு |
| திகில் கதை | இது உண்மையில் நடக்கிறதா? | நடுப்பகுதியில் | ஓரளவு |
| சரித்திரக் கதை | அன்று எப்படி வாழ்ந்தார்கள்? | எழுதுமுன் | வரலாறு அனுமதிக்கும் வரை |
| அறிவியல் புனைகதை | இப்படி ஆனால் என்னவாகும்? | எழுதுமுன் | அதிகம் |
| மாயப் புனைவு | இந்த உலகின் விதி என்ன, விலை என்ன? | எழுதுமுன், எழுதும்போது | விதிகளுக்கு உட்பட்டது |
| காதல் கதை | இவர்கள் சேர்வார்களா? | உரையாடலில் | குறைவு |

## யதார்த்தக் கதை

இந்த வகையில், அழைப்பது யார் என்பதை இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிடலாம். தந்தை யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் படிக்கவைத்த ஒருவர், அவர் இறந்த செய்தி தெரியாமல் மாதந்தோறும் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மர்மம் அங்கேயே தீர்ந்துவிட்டது; கதை தீரவில்லை. மறுமுனையின் மௌனத்தைக் கேட்டபடி சற்று நேரம் நின்றுவிட்டு, அந்தப் பெண் "அப்பா வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதுதான் இப்போது கதை. அந்தக் கேள்விக்கு விடை எழுதத் தேவையில்லை. ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1888-இல் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், கேள்விக்கு விடை காண்பதையும் கேள்வியைச் சரியாக முன்வைப்பதையும் பிரித்துக் காட்டி, கலைஞனின் கடமை இரண்டாவது மட்டுமே என்றார். யதார்த்தக் கதை இந்தச் சுதந்திரத்தில்தான் வாழ்கிறது.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆர்வம் வாசகரை இழுத்துச் செல்லாதபோது, பலவீனமான ஒரு பத்தியைத் தாங்கிப்பிடிக்க வேறெதுவும் இல்லை. "அவள் துயரத்தில் ஆழ்ந்தாள்" என்று எழுதிவிட்டால் கதை அந்த இடத்திலேயே அமர்ந்துவிடும். தந்தையின் மூக்குக்கண்ணாடியை அவள் துடைத்து, மறுபடி உறையில் போட்டு, அதே இடத்தில் வைத்தாள் என்று எழுதினால் நகரும். இன்னொரு மறைசெலவைப் பற்றி எழுத்துப் பயிற்சிகளில் யாரும் வாய் திறப்பதில்லை: அறிந்தவர்களின் வாழ்விலிருந்து எடுத்து எழுதும்போது, அவர்கள் தம்மைக் கண்டுகொள்வார்கள். பெயரையும் தொழிலையும் மாற்றினாலும் ஒரு பேச்சு வழக்கு காட்டிக்கொடுத்துவிடும். இந்த வகையில் தொடர்ந்து எழுத நினைப்பவர்கள், யாரை எவ்வளவு தூரம் எழுதுவது என்பதை முன்கூட்டியே தம் மனச்சாட்சியோடு பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

உங்களிடம் இருப்பது நிகழ்ச்சிகளின் தொடர் அன்று, மிகத் துல்லியமான ஒரே ஒரு கணம் என்றால், அதைச் சிறுகதை நீளத்தில் எழுத இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

## துப்பறியும் கதை

துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன: நடந்து முடிந்து மறைந்துகிடக்கும் ஒன்று, அதைத் தேடிச் செல்லும் ஒன்று. வாசகர் வாசிப்பது இரண்டாவதை. எழுதுபவர் முதலில் எழுதி முடிக்க வேண்டியது முதலாவதை. அழைப்பவர் யார், அவருக்கும் தந்தைக்கும் என்ன தொடர்பு, ஏன் முதல் தேதி, ஏன் ஒன்பது மணி, ஏன் மௌனம் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த பிறகே முதல் வரியை எழுத முடியும். எழுதிக்கொண்டே போனால் விடை தானாக வரும் என்ற நம்பிக்கை மற்ற வகைகளில் சில சமயம் பலிக்கும். இங்கே அது ஏறக்குறைய எப்போதும் கைவிட்டுவிடும்.

இந்த வகையில் வாசகரோடு ஓர் உடன்படிக்கை இருக்கிறது. துப்பறியும் கதைகள் எழுதிய ஆங்கிலேயர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகள் அதை வெளிப்படையாக எழுதிவைத்தன: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், அமானுஷ்யக் காரணங்கள் கூடாது, துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகர் முன்னும் வைக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. விதிகளை மீறிய நல்ல கதைகளும் உண்டு. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு வாசகருக்கு வந்துவிட்டால், அதை எந்த அழகான வாக்கியத்தாலும் சரிசெய்ய முடியாது.

தடயத்தைக் காட்டவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும். நம் கதையில், தந்தையின் கைபேசிக்குரிய சார்ஜர் அவருடைய அறையில் இல்லாமல் மாடி அறையில் இருக்கிறது என்பது முக்கியத் தடயம் என்று கொள்வோம். மாடி அறையை விவரிக்கும்போது மடித்த பாய், பழைய நாட்காட்டி, சுவரில் செருகியபடி தொங்கும் சார்ஜர், காய்ந்துபோன மைப்புட்டி என்று நான்கு பொருட்களைச் சொல்லி, அதை மூன்றாவதாக வைக்கலாம். முதலாவதும் கடைசியும் நினைவில் நின்றுவிடும். நடுவில் வைப்பது கண்ணில் பட்டும் கருத்தில் தங்காது. எட்கர் ஆலன் போ 1841-இல் வெளியிட்ட முதல் துப்பறியும் கதையிலேயே இன்னொரு உத்தி இருக்கிறது: கதையைச் சொல்பவர் துப்பறிபவர் அல்லர், அவருடைய நண்பர். நண்பர் காண்பதை எல்லாம் நாமும் காண்கிறோம். துப்பறிபவரின் மனத்துக்குள் மட்டும் நுழைவதில்லை. எதையும் ஒளிக்காமலேயே விடையைப் பிடித்துவைக்க இது வழிசெய்கிறது.

மறைசெலவுகள் இங்கே மிகுதி. முதலில், எளிய வழிகளை எல்லாம் அடைக்க வேண்டும். அந்த எண்ணைத் திருப்பி அழைத்தால் என்ன, எண் யாருடையது என்று காட்டும் செயலியில் தேடினால் என்ன, முந்தைய அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தால் என்ன என்று வாசகர் கேட்பார்; ஒவ்வொன்றுக்கும் கதைக்குள்ளேயே நம்பத்தக்க தடை வேண்டும். அடுத்தது திருத்தம்: யதார்த்தக் கதையில் ஒரு காட்சியை நீக்கினால் அந்தக் காட்சி மட்டும் போகும்; இங்கே ஒரு காட்சியை நீக்கினால் அதில் இருந்த தடயத்துக்கு வேறு இடம் தேட வேண்டும், பிறகு அதை நம்பியிருக்கும் ஊகங்கள் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவதே எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விசாரணை வேகமெடுக்கும்போது அந்தப் பெண் துயரப்படுவதற்கு இடமில்லாமல் போகிறது. தந்தையை இழந்த மகள் என்பது மறைந்து, தகவல் திரட்டும் ஒருத்தியாக அவள் சுருங்கிவிடுகிறாள். அவளுக்கென்று அமைதியான ஓரிரு பக்கங்களைத் திட்டத்திலேயே ஒதுக்கிவைக்காவிட்டால் பிறகு சேர்க்க முடியாது.

விடையை மறைத்துவைப்பது உங்களுக்குச் சிரமமாக இருந்தால், பக்கத்து வகையான பரபரப்புக் கதையை எண்ணிப் பாருங்கள். திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடனான உரையாடலில் அதிர்ச்சிக்கும் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார்: மேசைக்கடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பது பார்வையாளருக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். அழைப்பவர் ஆபத்தானவர் என்பதை வாசகருக்குச் சொல்லிவிட்டு, அவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் போதும். தடயங்களின் சுமை பெருமளவு குறைந்துவிடும்.

புதிர்களைப் பின்னிருந்து முன்னாகக் கட்டுவதில் உண்மையான மகிழ்ச்சி அடைபவர்களுக்கும், திட்டமில்லாமல் எழுதினால் திசை தடுமாறுபவர்களுக்கும் துப்பறியும் வடிவம் நல்ல துணை. அதன் கட்டுப்பாடே அவர்களைக் கொண்டுசேர்க்கும்.

## திகில் கதை

மூன்றாவது மாதம் மறுமுனை பேசுகிறது. தந்தையின் குரலில், அவர் உயிரோடிருந்தபோது ஒவ்வோர் இரவும் கேட்ட அதே கேள்வி வருகிறது: "கதவைத் தாழ்போட்டாயா, அம்மா?" பயமூட்டுவதற்கு இவ்வளவு போதும். குரல் உண்மையா, அவளுடைய துயரம் உண்டாக்கிய பிரமையா, யாரோ செய்யும் கொடுமையா என்று சொல்லாமல் விடும் வரை அந்தப் பயம் நீடிக்கும். விமர்சகர் ட்ஸ்வெட்டான் தோதரோவ் 1970-இல் எழுதிய நூலில், இயல்பான விளக்கத்துக்கும் இயல்பு கடந்த விளக்கத்துக்கும் நடுவே வாசகர் தயங்கி நிற்கும் நிலையையே இத்தகைய கதைகளின் உயிராகக் காட்டினார். தயக்கம் தீர்ந்த கணத்தில் கதை வேறு வகைக்குள் போய்விடுகிறது.

நீளம் இங்கே எதிரியாவதற்குக் காரணம் அதுதான். சிறுகதை நீளத்தில் தயக்கத்தைக் காப்பாற்றுவது எளிது. நாவல் நீளத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் எதையாவது காட்டியாக வேண்டும். காட்டியது பெரும்பாலும் கற்பனையில் இருந்ததைவிடச் சிறியதாகவே இருக்கும். அவள் ஏன் கைபேசியை அணைத்துவிடவில்லை என்ற எளிய கேள்விக்கும் விடை வேண்டும். நல்ல திகில் கதையில் அந்த விடை கதைமாந்தரின் தேவையிலிருந்து பிறக்கும்: பயந்தாலும், அவள் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க விரும்புகிறாள். துயரத்தையும் அச்சத்தையும் ஒரே காட்சியில் வைக்க முடிகிற ஒருவர், இந்தக் கருவைத் திகிலாக எழுதினால் துப்பறியும் வடிவத்தில் இழந்த மகளை இங்கே மீட்டுவிடலாம்.

## சரித்திரக் கதை

கைபேசி இல்லாத காலம் என்றால் அழைப்பு கடிதமாகும். மாதந்தோறும் வெற்றுத்தாள் ஒன்று உறையிலிட்டு வந்து சேரும். கரு அப்படியே நிற்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே மாறிவிடுகின்றன: கடிதம் எப்படி வந்தது, எத்தனை நாளில் வந்தது, அவள் படிக்கத் தெரிந்தவளா, தந்தை இறந்த வீட்டில் ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தைத் தானே பிரிக்க முடிந்ததா. சரித்திரக் கதையின் உண்மையான செல்வம் இந்தக் கடைசிக் கேள்வியைப் போன்றவற்றில் இருக்கிறது.

எவ்வளவு பின்னே போவது என்பதும் ஒரு தேர்வு. வால்டர் ஸ்காட் 1814-இல் வெளியிட்ட தம் முதல் நாவலின் துணைத்தலைப்பிலேயே அது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று குறித்தார். அந்தத் தூரத்தில் முதியவர்களின் நினைவும் ஆவணமும் இரண்டும் கிடைக்கும். பல நூற்றாண்டு பின்னே போனால் கல்வெட்டும் செப்பேடும் தருவதை வைத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும். கற்பனைக்கு இடம் கூடுகிறது, பிழைக்கும் இடம் கூடுகிறது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில், அரசர்களை விட்டுவிட்டு, வரலாற்றில் பெயரளவில் மட்டும் எஞ்சியிருந்த வந்தியத்தேவனைக் கதையின் நடுவே வைத்தது தேர்ந்த முடிவு. பேரரசர் என்ன செய்தார் என்பது ஆவணங்களால் கட்டப்பட்டது. அவருக்காக ஓலை கொண்டுசெல்பவன் வழியில் யாரைச் சந்தித்தான் என்பது எழுத்தாளரின் கையில் இருக்கிறது.

ஆராய்ச்சி முடிவதே இல்லை என்பதே முதல் மறைசெலவு. வாசித்துக்கொண்டே இருப்பது எழுதுவதைப் போன்ற திருப்தியைத் தந்துவிடுவதால், ஒரு பக்கமும் எழுதாமல் நெடுங்காலம் போய்விடும். தேடித் திரட்டியதை எல்லாம் கதைக்குள் கொட்ட வேண்டும் என்ற ஆசை அடுத்தது. உரையாடலின் மொழி மூன்றாவது: பழந்தமிழில் பேசவைத்தால் மனிதர்கள் பொம்மைகளாகிறார்கள், இன்றைய பேச்சில் பேசவைத்தால் காலம் உடைகிறது. காலத்தை உணர்த்தும் சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் வந்த கருத்துகளையும் சொற்களையும் விலக்கிய எளிய தமிழே நெடுந்தூரம் தாங்கும் என்பது என் கருத்து.

ஏற்கெனவே ஒரு காலத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாசித்து வந்திருப்பவருக்கு இது இயல்பான தேர்வு. கதைக்காகவே அந்தக் காலத்தைப் புதிதாகக் கற்கப்போகிறவர், எழுதும் நேரத்துக்கு இணையான நேரத்தையாவது படிப்புக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

## அறிவியல் புனைகதையும் மாயப் புனைவும்

இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம், இரண்டுமே நடைமுறையில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொண்டு தொடங்குகின்றன. எச். ஜி. வெல்ஸ் தம் அறிவியல் கதைகளின் 1933 தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற இடத்தில் எதுவுமே சுவையாக இருப்பதில்லை என்ற கருத்தை வலியுறுத்தினார். இயலாத ஒன்றை மட்டும் ஏற்கச் செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இயல்பாக வைத்திருப்பது அவருடைய வழி.

நம் கருவில் அந்த ஒன்று இப்படி இருக்கலாம்: தந்தை இறப்பதற்கு முன், தம் குரல் பதிவுகளை ஒரு சேவைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், மாதந்தோறும் இயந்திரம் அவர் குரலில் மகளை அழைக்கிறது. இப்போது கேள்வி, யார் அழைக்கிறார் என்பது அன்று. அந்தச் சேவையை நிறுத்தும் பொத்தானை அவள் அழுத்துவாளா என்பது. தொழில்நுட்பத்தை விளக்கும் பத்திகள் கதையை நிறுத்திவிடுவதும், எழுதி முடிப்பதற்குள் கற்பனை நடைமுறையாகிவிடுவதும் இதன் மறைசெலவுகள். இரண்டாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் இன்றும் வாசிக்கப்படுவதற்குக் காரணம் அதிலுள்ள அறிவியல் அன்று. உண்டாக்கியவருக்கும் உண்டாக்கப்பட்டதற்கும் இடையிலான பொறுப்புதான்.

மாயப் புனைவில் அதே அழைப்பு ஒரு விதியாகிறது: இறந்தவர்கள் மாதம் ஒருமுறை அழைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எடுப்பவர் அந்த இறந்தவரைப் பற்றிய நினைவு ஒன்றை இழப்பார். விலை இல்லாத மாயத்தால் கதை உண்டாவதில்லை. ஆங்கில மாயப் புனைவு எழுத்தாளர் டோல்கீன், 1939-இல் ஆற்றிய உரையிலிருந்து உருவான தம் கட்டுரையில், பச்சைச் சூரியன் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பத்தக்கதாக இருக்கும் உலகை அமைப்பதற்கே உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்றார். வரைபடம், வம்சாவளி, மந்திர இலக்கணம் என்று உலகத்தை அமைப்பதிலேயே ஆர்வம் தீர்ந்துபோய், கதை தொடங்கப்படாமலே நின்றுவிடுவது இங்கே பரவலான விபத்து. முதல் முயற்சியை ஒரே விதியோடு, ஒரே வீட்டுக்குள், சிறுகதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

## காதல் கதை

அழைப்பது தந்தை இளமையில் நேசித்த பெண்ணாக இருக்கலாம். எழுதுவது எளிது என்று நினைத்துப் பலர் இதில் இறங்குகிறார்கள். உண்மையில் இரண்டு பேரைப் பிரித்துவைக்கும் நம்பத்தக்க தடையைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. ஒரே ஒரு முறை மனம்விட்டுப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் தடை, கதையைத் தாங்காது. புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்று அகமரபு வகுத்த நிலைகளில் எதில் உங்கள் கதை நிற்கிறது என்று கேட்டுக்கொள்வது பெரிதும் உதவும். எல்லா நிலைகளையும் ஒரே கதையில் அடைப்பதைவிட, ஒன்றில் ஊன்றி நிற்பதே சிறுகதைக்கு நல்லது.

## கலந்து எழுதலாமா, பாதியில் மாற்றலாமா

கலக்கலாம். நல்ல கதைகள் பலவும் கலப்பாகவே இருக்கின்றன. ஆனால் ஏதேனும் ஒரு கேள்வி மற்றவற்றை ஆள வேண்டும். கடைசிப் பக்கத்தில் பதில் பெறுவது அந்தக் கேள்வியாக இருக்க வேண்டும். சரித்திரப் பின்னணியில் துப்பறியும் கதை எழுதினால், குற்றவாளி தெரியும் இடத்தில் கதை முடியும். காலச் சித்திரம் அதற்குத் துணை நிற்கும். இரண்டு கேள்விகளுக்கும் சம உரிமை கொடுத்தால், இரண்டு வகை வாசகர்களும் பாதி நிறைவோடு எழுந்து போவார்கள்.

இரண்டு வகைகளுக்கு இடையே ஊசலாடுபவர்கள், தொடக்கத்தை இருவகையாக எழுதிப் பார்ப்பதைவிட, இறுதிக்கு முந்தைய காட்சியை இருவகையாக எழுதிப் பார்ப்பது பயன் தரும். தொடக்கம் எந்த வகையிலும் அழகாக அமைந்துவிடும். மறைசெலவுகள் தெரிவது பின்பகுதியில்தான். எந்த வடிவில் அந்தக் காட்சியை எழுதும்போது அதற்கு முன் நடந்திருக்க வேண்டியவை தாமாகவே நினைவுக்கு வருகின்றனவோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் வகையை மாற்ற நேர்ந்தால், எந்தத் திசையில் மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இழப்பு அமையும். துப்பறியும் கதையாகத் தொடங்கியதை யதார்த்தக் கதையாக மாற்றுவது கடினமன்று: மறைத்துவைத்த விடையை முன்பகுதிக்குக் கொண்டுவந்து, தடயங்களாக வைத்த பொருட்களை அந்த மனிதரின் நினைவுகளாக விட்டுவிட்டால் பெரும்பகுதி அப்படியே நிற்கும். திகில் கதையை அறிவியல் புனைகதையாக மாற்றுவதற்கும் ஒரு விளக்கம் சேர்ந்தால் போதும். எதிர்த்திசையில் போவது, குறிப்பாக யதார்த்தக் கதையைத் துப்பறியும் கதையாக்குவது, ஏறக்குறைய புதிதாக எழுதுவதற்குச் சமம். தடயம் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட அறைகளிலும் உரையாடல்களிலும் தடயங்களைச் செருகினால் தையல் தெரியும். எனவே இந்த இரண்டில் எது என்று இறுதிவரை முடிவாகாதவர்கள், துப்பறியும் கதைக்கான திட்டத்தை வரைந்துகொண்டு தொடங்குவதே இழப்புக் குறைந்த வழி.